நீலியின் வாலடியில்

9 நவம்பர் 2023, வியாழன்

தொட்டியில் வளர்க்கும் என் கிரேஃபிஷ் நீலிக்கு (கொடுக்கு வைத்த நன்னீர் இறால் மாதிரி) வாலின் அடிப்பக்கம் வெளுத்திருக்கிறது. நேற்றே சந்தேகம். இன்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வால்வளையத்தின் ஓரத்திலும் தயிர் தடவியது போல வெள்ளை. முட்டைகளை ஒட்டவைக்கும் பசை ஊற ஆரம்பித்திருக்கிறது. ஆணைப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. பரவாயில்லை, அது கொடுத்த விந்தை அவள் பத்திரமாக வைத்திருப்பாள்.

அம்மாவுக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. "விளக்கு வைக்கிற நேரத்துல நீலி நீலின்னு கூப்பிடாதே." நீல நிறம், அதனால் நீலி என்றேன். "அது தேள்" என்றாள்.

12 நவம்பர், ஞாயிறு

தெருவில் சரவெடி. தொட்டியைப் போர்வையால் மூடிவிட்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பட்சணம் சாப்பிட மறந்துவிட்டது.

14 நவம்பர், செவ்வாய்

போட்டுவிட்டாள்!

காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் வால் சுருண்டு பந்தாக இருந்தது. அடியில் கரிய திரள். கடுகை விடக் கொஞ்சம் பெரிது, பளபளப்பு மட்டும் அப்படியே கடுகு. எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கம் நாற்பது வரை வந்ததும் வாலை மடக்கிக்கொண்டாள். மறுபடி எண்ணினேன். முப்பத்தேழில் மடக்கினாள். மூன்றரை அங்குல உடம்புக்கு இருநூறு இருக்கலாம்.

17 நவம்பர், வெள்ளி

சில முட்டைகள் ஆரஞ்சாகிவிட்டன. செத்தவை. பின்னங்கால் நுனியால் அவற்றை மட்டும் தேடிப் பிடுங்கி எடுக்கிறாள். மற்ற நேரமெல்லாம் வாலடித் துடுப்புகளை ஆட்டி ஆட்டி முட்டைகளுக்குத் தண்ணீர் விசிறுகிறாள். அலுவலகத்தில் யாரும் இவ்வளவு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

20 நவம்பர், திங்கள்

தூக்கம் வரவில்லை.

கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரரிடம் பேசினேன். "குட்டி விரலளவு வந்ததும் கொண்டு வாங்க, பீஸ் கணக்குல எடுத்துக்கறேன்." அவருக்கு இது 'ப்ளூ லாப்ஸ்டர்'. நான் ஜோடியாக வாங்கியபோது பில்லிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. கடல் லாப்ஸ்டர் நல்ல தண்ணீரில் ஒரு நாள் தாங்காது. இது கிரேஃபிஷ், அதிலும் ப்ராகாம்பாரஸ் கிளார்க்கி. காட்டில் சிவப்பு, தொட்டிக்காரர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த வகை நீலம். சொந்த ஊர் அமெரிக்காவில் லூசியானா பக்கத்துச் சதுப்பு. நம் நாட்டு ஆற்றிலும் குளத்திலும் கிரேஃபிஷ் என்ற இனமே இயற்கையில் கிடையாது.

அதுதான் உறுத்துகிறது. பீஸ் கணக்கில் வாங்கிப் போகிறவன் ஆறு மாதத்தில் அலுத்துப்போவான். மற்ற மீனையெல்லாம் தின்றுவிட்டது என்று கோபப்படுவான். கொல்ல மனசு வராது. பக்கத்தில் ஏரி இருக்கும்.

ஜப்பானுக்கு 1927-ல் தவளைப் பண்ணைக்குத் தீனியாகக் கொண்டுபோனார்கள். இன்று நாடு முழுக்க இருக்கிறது. இந்த ஜூன் முதல் அங்கே இதை விற்பதும் ஆற்றில் விடுவதும் குற்றம், வீட்டில் வளர்க்க மட்டும் விட்டிருக்கிறார்கள். ஸ்பெயினில் 1974-ல் குவாடல்கிவிர் ஆற்றுச் சதுப்பில் வேண்டுமென்றே விட்டார்கள். நீர்ச்செடியை வழித்துத் தின்றது, வரப்பைத் துளைத்தது, கூடவே வந்த, பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரின் நோய் அந்த மண்ணின் கிரேஃபிஷ்களைக் கொன்றது. இங்கேயும் ஒரு சதுப்பு இருக்கிறது. என் தெருமுனையிலிருந்து பள்ளிக்கரணை நாணல் தெரியும்.

இதெல்லாம் வாங்கும்போது தெரியாதா என்றால், தெரியும். நீலமாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

21 நவம்பர், செவ்வாய்

கடைக்காரருக்குப் போன் செய்து குட்டிகள் விற்பனைக்கு இல்லை என்றேன். "அப்ப இருநூறையும் வெச்சு என்ன சார் பண்ணுவீங்க?" நல்ல கேள்வி.

24 நவம்பர், வெள்ளி

ஆண் சட்டை உரித்திருக்கிறது. போன சண்டையில் இழந்த இடது கொடுக்கு பொம்மைக் கொடுக்கு மாதிரி குட்டியாக முளைத்திருக்கிறது. உரித்த ஓட்டை எடுக்கவில்லை, அதையே தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும். ஆணுக்குப் பெயர் வைக்கவேயில்லை. பின்கட்டில், துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் டப்பில் கிடக்கிறது. மூடிமேல் ஒரு செங்கல்.

26 நவம்பர், ஞாயிறு

கார்த்திகை. வாசலில் அகல் ஏற்றிவிட்டு வந்து டார்ச் அடித்தால், ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளி. கண்கள்.

29 நவம்பர், புதன்

மாலையிலிருந்து விடாத மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர்.

முன்னறைச் சுவரில் 2015 கோடு இருக்கிறது. இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் தெரியும். என் இடுப்புக்குச் சற்று மேலே. அன்று இந்த வீட்டில் தண்ணீர் அங்கே நின்றது. தொட்டி ஸ்டாண்டின் மேல்தட்டு அந்தக் கோட்டுக்கு ஒரு ஜாண் கீழே. டேப் வைத்து அளந்தேன். அளந்து என்ன ஆகப்போகிறது.

30 நவம்பர், வியாழன்

தண்ணீர் வடிந்தது. கோடு கண்ணிலேயே நிற்கிறது.

2 டிசம்பர், சனி

பொரிந்துவிட்டன. கொடுக்கும் காலும் உள்ள கண்ணாடித் துளிகள். முதுகில் மஞ்சள்கரு மூட்டை. ஒரு நூலில் தொங்கிக்கொண்டு நீலியின் துடுப்பைப் பிடித்திருக்கின்றன. இரண்டு முறை சட்டை உரிக்கும் வரை இறங்காது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். "எத்தனைடா?" என்றாள்.

புயலுக்கு மிக்ஜாம் என்று பெயராம்.

3 டிசம்பர், ஞாயிறு

அம்மாவை மாடிவீட்டு அக்காவிடம் அனுப்பிவிட்டேன். மூட்டுவலியோடு கடைசி நிமிடத்தில் படி ஏற முடியாது. தொட்டியை இப்போதே மாற்றலாமா? பயந்து வாலால் உதைத்தால் குட்டிகள் உதிர்ந்துவிடும். காத்திருக்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் மழையின் சத்தமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

4 டிசம்பர், திங்கள்

மாடியில், மெழுகுவத்தி வெளிச்சத்தில்.

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. அதிகாலையில் குளியலறை ஓட்டை வழியாகக் கொப்பளித்து வந்தது, கறுப்பாக, நாற்றத்தோடு. கரண்ட் முன்பே போயிருந்தது. வலை போட்டால் குட்டிகள் சிக்கும். நீலி ஒளிந்திருந்த பி.வி.சி. குழாயின் இரண்டு வாயையும் உள்ளங்கையால் பொத்தி, தண்ணீருக்குள்ளேயே வாளிக்கு மாற்றினேன். தொட்டித் தண்ணீரோடுதான். பிறகு தொட்டியின் அடிமணலையும் வழித்து இன்னொரு வாளியில் போட்டேன், உதிர்ந்தது ஏதாவது இருந்தால்? ஒன்றுகூட அந்தக் கறுப்புத் தண்ணீரில் கலக்கக் கூடாது. இருட்டில், முழங்கால் தண்ணீரில், நான் மணல் வழித்துக்கொண்டிருந்தேன். அக்கா படியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார்: "தம்பி, மேல வா, பைத்தியமா உனக்கு?"

இரண்டு வாளியும் மேலே வந்த பிறகு, தலை துவட்டும்போது ஞாபகம் வந்தது.

ஆண்.

பின்கட்டுக் கதவைத் திறந்தபோது டப் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தது. செங்கல்லைக் காணோம்.

5 டிசம்பர், செவ்வாய்

மழை நின்றது. கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் இல்லை. முன்னறைக் கோட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, இரண்டு அடிக்கும் அதிகமாகக் கீழேயே நின்றுவிட்டது. 2015-ஐ விடக் குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அக்காவின் துணி அலசும் டப்பில் நான்கு விரல் உயரத்துக்கு மட்டும் தண்ணீர், நடுவில் ஒரு உடைந்த ஓடு. ஆழம் குறைந்தால் காற்று கலக்கும். மூச்சு முட்டினால் ஓட்டின்மேல் ஏறிக்கொள்வாள். பேட்டரி பம்ப் மதியமே செத்துவிட்டது. டம்ளரில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை.

ஒற்றை ஆண். ஒற்றை ஆணால் எதுவும் ஆகாது.

6 டிசம்பர், புதன்

இரவு இரண்டு மணிக்கு அசந்துவிட்டேன். விழித்தபோது டம்ளர் சத்தம் கேட்டது. அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். "போ, படு. பிள்ளைத்தாச்சியைத் தனியா விடக்கூடாது."

பிள்ளைத்தாச்சி இல்லைம்மா, பெற்றுவிட்டாள் என்று சொல்ல வந்து சொல்லவில்லை.

7 டிசம்பர், வியாழன்

தண்ணீர் வடிந்தது. வீடு முழுக்கச் சேறு. மெத்தை, அரிசி மூட்டை, அப்பாவின் புத்தகங்களில் அடித்தட்டு, எல்லாம் போயிற்று. நான் முதலில் துவைக்கும் கல்லுக்கு அடியில்தான் பார்த்தேன். சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கார் நிறுத்தும் இடத்தில் முழ நீளத்தில் ஒரு சக்கர் மீன், இன்னும் வாய் அசைந்துகொண்டிருந்தது. யாரோ எப்போதோ ஒரு தொட்டியிலிருந்து விட்டதன் பேரனாக இருக்கும்.

ஈரம் இருந்தால் ஆண் செவுளில் நனைவு காயாமல் தரையிலேயே நடந்து போய்விடும். ஒரு வாரம் முன்புதான் ஓடு கெட்டிப்பட்டது. நல்ல தெம்பில் இருக்கும்.

8 டிசம்பர், வெள்ளி

கரண்ட் வந்தது. அக்கா கைதட்டினார். நான் பம்ப்பைச் செருகினேன்.

9 டிசம்பர், சனி

ஒற்றை ஆணால் எதுவும் ஆகாது, சரி. ஆனால் அந்தக் கடையில் அந்த மாதம் ஜோடி வாங்கியவன் நான் ஒருவன்தானா? இந்தப் பக்கத்தில் எத்தனை கீழ்வீடு, எத்தனை கீழ்வீட்டில் தொட்டி, அதில் எத்தனை தொட்டி இப்போது காலி? யாரிடம் கேட்பது? வீட்டுச் சாமான் போய்விட்டது என்று அழுகிறவனிடம் போய் உங்கள் லாப்ஸ்டர் எங்கே என்றா?

12 டிசம்பர், செவ்வாய்

குட்டிகள் இறங்கிவிட்டன. நீலியைத் தனியாக எடுத்துவிட்டேன். இப்போது பசித்தால் அவளே தின்னுவாள். வேகவைத்த முருங்கைக்கீரை, காய்ந்த வாதாம் இலை போட்டேன். சின்னக் குழாய்த் துண்டு, உடைந்த ஓடு, வலைப்பை எல்லாம் போட்டு மறைவிடம் செய்திருக்கிறேன், இல்லையென்றால் ஒன்றையொன்று தின்னும்.

எண்ணினேன். 143. மறுபடி எண்ணினால் 151.

13 டிசம்பர், புதன்

மணல் வாளியில் இரண்டு. உயிரோடு. அப்போது என்னைப் பைத்தியம் என்றாரே அக்கா.

15 டிசம்பர், வெள்ளி

கால்வாய் ஓரத்தில் இரவு எட்டு மணிக்கு டார்ச்சோடு நின்றேன். வெங்காயப் பையில் கோழிக்குடல் வைத்துக் கூண்டுவலை போட்டேன். ரோந்து வந்த போலீஸ்காரர் என்ன தேடுகிறீர்கள் என்றார். மோதிரம் என்றேன்.

17 டிசம்பர், ஞாயிறு

என் கணக்கில் 118. அம்மா எண்ணினால் 121. வலையில் இரண்டு ஜிலேபி மீன், ஒரு சக்கர். குடல் தீர்ந்துவிட்டது, நாளை வாங்க வேண்டும்.