காலண்டர் எங்க தம்பி?

எங்களுக்கு பாத்திரக்கடை. விருதுநகர் மாவட்டத்துல ஒரு சின்ன ஊரு, சிவகாசிக்கு பஸ்ஸுல முக்கா மணி நேரம். அப்பா நாப்பது வருஷமா நடத்துன கடை, அவருக்கு முட்டி வலி வந்து வீட்டோட உக்காந்ததும் என் கைக்கு வந்துச்சு. அப்பா விளம்பரம்னு பண்ணுனது மொத்தமே ரெண்டு விஷயம்தான். வருஷா வருஷம் தினசரி காலண்டர் குடுப்பாரு, பாத்திரம் வாங்குனா காசு வாங்காம பேர் வெட்டிக் குடுப்பாரு. அவ்ளோதான். எனக்கு இது ரெண்டையும் பாத்தாலே கடுப்பா வரும், எந்த காலத்துல இருக்கோம் இன்னும் லட்சுமி படம் போட்ட காலண்டரான்னு.

அதனால ஒரே வருஷத்துல எல்லாத்தையும் மாத்துனேன். காலண்டர நிறுத்திட்டேன், பேர் வெட்ட பீசுக்கு அஞ்சு ரூவான்னு போர்டு மாட்டுனேன், மிச்சமான காசோட கைக்காசும் கொஞ்சம் போட்டு ரீல்ஸ் எடுக்க ஒரு ஏஜென்சிகிட்ட குடுத்தேன். பசங்க நல்லாத்தான் எடுத்தாங்க, பொய் சொல்லக்கூடாது. பித்தளை குடத்த சுத்தி சுத்தி கேமரா போவும், பின்னாடி மியூசிக், ஒரு ரீல் நாப்பதாயிரம் வியூஸ் போச்சு. நான் ராத்திரி பூரா போன நோண்டிட்டே கிடந்தேன். கமெண்ட்ல "பிரைஸ் ப்ளீஸ்"னு ஹைதராபாத்ல இருந்து ஒருத்தர், துபாய்ல இருந்து ஒருத்தர், குடத்த கொரியர்ல அனுப்புவீங்களான்னு கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர். எங்க ஊர்ல இருந்து ஒரு ஆள் இல்ல.

ஜனவரி ஒண்ணாம் தேதி காலையில கடை தொறக்கும்போதே வாசல்ல நாலு பேர் நிக்கிறாங்க. பாத்திரம் வாங்க இல்ல, "காலண்டர் எங்க தம்பி?" இந்த வருஷம் போடல பெரியம்மான்னேன். "ஏன், கடைய மூடப் போறியளோ?"ன்னு கேட்டாங்க பாருங்க, மூஞ்சி தொங்கிப்போச்சு எனக்கு. ஊருக்குள்ள அப்பிடித்தான் பேச்சு போயிருக்கு, அண்ணாச்சி உக்காந்துட்டாரு, பையனுக்கு ஓட்டத் தெரியலன்னு.

தினசரி காலண்டர சாதாரணமா நெனச்சுட்டேன் நான். ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் பாக்க தினம் ஒரு தடவையாவது வீட்ல யாராச்சும் அதுக்கு முன்னாடி போய் நிப்பாங்க, கிழிச்ச தாள் பின்னாடி பால் கணக்கு எழுதுவாங்க, சிலிண்டர் மாத்துன தேதிய அந்தந்த தாள்லயே குறிச்சு வைப்பாங்க. அத்தனைக்கும் மேல சிவப்பு எழுத்துல எங்க கடை பேரும் போன் நம்பரும் வருஷம் முழுக்க தொங்கிட்டே இருக்கு. பொண்ணுக்கு நாள் குறிக்கிற வீட்ல முகூர்த்த தேதி பாக்குறதே அந்த காலண்டர்லதானே, அடுத்து சீர் பாத்திரம் எங்க வாங்கலாம்னு பேச்சு வர்றப்ப கண்ணு எங்க போவும்?

பேர் வெட்டுறதும் அதே கததான். கல்யாணத்துக்கு ஒரு அண்டா வாங்கி "அன்பளிப்பு, இன்னார் குடும்பத்தார்"னு வெட்டிக் குடுத்தா அந்த அண்டா ஊர்ல ஒவ்வொரு விசேஷத்துக்கும் இரவல் போயிட்டு வரும். எழுத்து அழகா இருந்துச்சுன்னா எங்க வெட்டுனதுன்னு எவனாவது கேப்பான். அப்பா உளியும் சுத்தியலும் வச்சு புள்ளி புள்ளியா வெட்டுவாரு, "ழ" போட மட்டும் மூச்சப் புடிச்சுக்குவாரு. நான் டர்ர்ர்னு மிஷின்ல போடுறேன், அந்த அழகு வராது. அதுக்கு அஞ்சு ரூவா வேற கேட்டா? அடுத்த தெரு கடையில சும்மா வெட்டித் தர்றாங்கன்னு போயிட்டாங்க, போகாம என்ன பண்ணுவாங்க.

பெரிய பெரிய கம்பெனிக்காரனே இதுல சறுக்கியிருக்கான். கோக் 1985 ஏப்ரல்ல பழைய ருசிய தூக்கிட்டு புதுசு கொண்டாந்தாங்க, அதுவும் ரெண்டு லட்சம் பேருக்கிட்ட குடுத்து ருசி பாக்க வச்சுட்டு. ஜனங்க போட்ட சத்தத்துல 79 நாள்ல பழசு திரும்பி வந்துச்சு. ட்ராபிகானா ஜூஸ் 2009 ஜனவரில டப்பா மேல இருந்த ஸ்ட்ரா குத்துன ஆரஞ்சு படத்த எடுத்துட்டு மாடர்னா ஒரு டிசைன் போட்டாங்க, உள்ள ஜூஸ் அதேதான், ரெண்டு மாசம் கூட ஆகல விற்பனை 20 சதவீதம் எறங்கிருச்சு, பழைய டப்பாவே வந்துருச்சு. இந்தப் பக்கம் அமுல் வெண்ணெய் விளம்பரத்துல வர்ற பொண்ண பாருங்க. 1966ல சில்வெஸ்டர் டகுன்ஹா ஆரம்பிச்சாரு, இப்போ அவர் பையன் ராகுல் டகுன்ஹா பாத்துக்கிறாரு, அதே புள்ளி போட்ட கவுன், அதே நீல முடி, கூட எழுதுற கிண்டல் மட்டும் அன்னன்னிக்கு நியூஸுக்கு தக்கன மாறும். அப்பன் போட்டத மகன் கலைக்கல. நான் கலைச்சேன்.

எனக்கு என்ன தோணுதுன்னா, அந்த காலண்டர் சலிச்சது எனக்குத்தான். நான் தினம் அது கூடவே குப்ப கொட்டுறேன், கட்டு கட்டா அடுக்குறேன், அதனால புளிச்சுப்போச்சு. வாங்குறவங்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணு, அவங்களுக்கு எதுக்கு சலிக்கப்போவுது. இன்னொரு முட்டாள்தனம் மூணையும் ஒண்ணா மாத்துனது. ஏவாரம் கொறஞ்சதும் எதால கொறஞ்சதுன்னு பிரிச்சுப் பாக்கவே முடியல. இப்போ கல்லா பக்கத்துல ஒரு நாப்பது பக்க நோட்டு வச்சிருக்கேன், கல்யாண பில் போடுறப்பல்லாம் எப்பிடி நம்ம கடைக்கு வந்தீங்கன்னு கேட்டு ஒரு வரி எழுதுவேன். பாதிக்கு மேல "சொந்தக்காரங்க வீட்டு பாத்திரத்துல பேர் வெட்டியிருந்தத பாத்தோம்", அதுக்கப்புறம் காலண்டர். ரீல்ஸ்னு இதுவரைக்கும் ரெண்டே ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் என் மச்சான்.

ரீல்ஸ மொத்தமா விட்டுட்டேன்னு சொல்லல, மாசத்துக்கு ஒண்ணு நானே போன்ல எடுத்துப் போடுறேன், காசு செலவில்ல. வாட்சப் மட்டும் நல்லா வேலை செய்யுது, பேர் வெட்டி முடிச்சதும் போட்டோ எடுத்து வாங்குனவங்களுக்கு அனுப்பிருவேன், எழுத்துப்பிழை இருந்தா அப்பவே சொல்லிருவாங்க, நல்லாருந்தா அவங்க ஸ்டேட்டஸ்ல வச்சுக்குவாங்க. ஆனா அதுவும் அப்பாவோட பழைய ஐடியா மேல ஒட்டுனதுதான்.

ஆடிப்பெருக்குக்கு சிவகாசில அடுத்த வருஷ காலண்டர் மாதிரி எல்லாம் அடுக்குன புது ஆல்பம் போட்டதும் இந்தவாட்டி மொத ஆளா போயிட்டேன். ஏஜெண்டு மலை, அருவி, குழந்தை சிரிக்கிறதுன்னு என்னென்னமோ புரட்டி புரட்டி காட்டுனாரு. லட்சுமிய எடுங்கன்னேன். கடைசியா போட்டதவிட கூட நூறு. அஞ்சு ரூவா போர்ட கழட்டி வீசியாச்சு. கடைய மூடப் போறியளான்னு கேட்ட பெரியம்மா நேத்து வந்தாங்க, பேத்திக்கு காதுகுத்தாம், அம்பது டிபன் பாக்ஸு, அம்பதுலயும் பேர் வெட்டணும். மிஷின் ஊசி தேஞ்சு கிடக்கு, நாளைக்கு மதுரைக்கு போய்தான் வாங்கிட்டு வரணும்.