விஜிஏ திரையில் 60 வரி

வீட்டில் கிடக்கும் பழைய 486 கணினியைத் தூசு தட்டி எடுத்தேன். 80 எழுத்து, 25 வரி என்ற டாஸ் இயங்குதளத்தின் திரை சலித்துப்போனதால், வரியைக் கூட்ட முடியுமா என்று பார்க்கத்தான்.

50 வரி சுலபம். டாஸோடு வரும் ஆன்சி.சிஸ் என்ற திரை இயக்கியை ஏற்றிவிட்டு மோட் கட்டளையில் கேட்டால் தந்துவிடுகிறது. விஜிஏ (அந்தக் காலத்துக் காட்சி கார்டு) எழுத்துத் திரைக்கு 400 கிடைமட்ட ஸ்கேன் கோடுகள். 16 கோடு உயர எழுத்துக்குப் பதில் 8 கோடு எழுத்தைப் போட்டால் வரி இரட்டிப்பு, அவ்வளவுதான். ஆனால் 60 வரிக்கு 480 கோடு வேண்டும். கணினியின் அடிப்படை நிரலான பயாஸ் அதைத் தராது. கார்டின் ரெஜிஸ்டர்களில் (அமைப்பு மதிப்புகள் இருக்கும் சிறு நினைவறைகளில்) நாமே கை வைக்க வேண்டும்.

டாஸின் டீபக் கருவியில் சின்னதாக ஒரு நிரல் எழுதி, 3டி4 போர்ட் (கார்டோடு பேசும் வாசல்) வழியாக மதிப்புகளை அனுப்பினேன். படம் நிற்காமல் உருள ஆரம்பித்தது. பதறிப்போய் மானிட்டரை அணைத்தேன். ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் பிடிபட்டது: 0 முதல் 7 வரையான ரெஜிஸ்டர்களுக்கு ஒரு பூட்டு உண்டு. ஹெக்ஸ் (16 அடிமான எண்) 11-ஆம் ரெஜிஸ்டரின் உச்சி பிட்டை அணைத்தால்தான் அவை மாறும். நான் அணைக்கவில்லை. அதனால் மொத்தக் கோடு (கண்ணுக்குத் தெரியாதவையும் சேர்த்து) பழைய 449-லேயே நிற்க, செங்குத்து சிங்க்கை (ஒரு படம் முடிந்தது என்று மானிட்டருக்குச் சொல்லும் சைகையை) மட்டும் 490-க்குத் தள்ளியிருக்கிறேன். இல்லாத கோட்டில் சிங்க் எப்படி வரும்?

பூட்டைத் திறந்ததும் மொத்தம் 525 ஆனது, படமும் நின்றது. ஆனால் முதல் வரியும் கடைசி வரியும் மானிட்டர் சட்டத்துக்குள் ஒளிந்துகொண்டன. சிங்க்கின் பொலாரிட்டியை (நேரா, எதிரா என்பதை) பார்த்துத்தான் அந்தக் காலத்து விஜிஏ மானிட்டர் படத்தின் உயரத்தை முடிவு செய்கிறது. 3சி2 போர்ட்டில் ஹெக்ஸ் 67-ஐ இ7 ஆக்கினேன். படம் டக்கென்று சுருங்கிச் சரியாக உட்கார்ந்தது. அந்த ஒரு நொடிக்காகவே இவ்வளவு பாடும் படலாம்!

அப்புறம் டாஸோடு பஞ்சாயத்து. 50-ஆவது வரி வந்ததும் எல்லாவற்றையும் மேலே தள்ளியது. கீழே பத்து வரி சும்மா கிடந்தது. பயாஸின் குறிப்பேட்டில், 40:84 என்ற நினைவக முகவரியில், கடைசி வரி எண் 49 என்றே இருந்தது. அதை 59 ஆக்கி, 40:4சி-யில் பக்க அளவை 9600 பைட் என்று எழுதியதும் வழிக்கு வந்தது.

புதுப்பிப்பு 70 ஹெர்ட்ஸிலிருந்து 60-க்கு இறங்கியதில் திரை லேசாகத் துடிக்கிறது. சில நிரல்கள் திறந்ததுமே மோட் 3 என்ற வழக்கமான எழுத்துத் திரையைப் போட்டு 25 வரிக்கு இழுத்துவிடுகின்றன. வெளியே வந்ததும் என் நிரலை மறுபடி ஓட்ட, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்தது அகலம். எழுத்துக்கு 9 புள்ளி என்பதை 8 ஆக்கினால் 720 புள்ளியில் 90 எழுத்து கொள்ளும். கிடைமட்ட ரெஜிஸ்டர்களை இன்னும் தொடவில்லை.