மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்

ஆண்டுக்கு எத்தனை கன்று நட்டோம் என்று ஒவ்வொரு நகராட்சியும் கணக்குச் சொல்லும். ஏற்கெனவே நிற்கிற மரம் ஏன் சாகிறது என்ற கணக்கு எங்கும் இருக்காது. நாற்பது வயது மரம் சாய்ந்தால் பழி காற்றுக்குப் போகிறது. பல நேரம் அந்த மரத்தின் சாவு நாலைந்து வருடம் முன்பே, நடைபாதை போட்ட அன்றோ வடிகால் தோண்டிய அன்றோ தொடங்கியிருக்கும்.

பேவர் பிளாக்கை அடிமரத்தோடு ஒட்டிப் பதித்தால் மழைநீர் இறங்காது. அதைவிட மோசம், வேருக்குக் காற்று போகாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் டெல்லி வழக்கொன்றில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. மரத்தில் மாட்டிய பலகைகளையும் மின்கம்பிகளையும் சேர்த்துத்தான். ஒரு மீட்டர் என்பதே குறைந்தபட்சம்.

பெயர்ப்பதிலும் பக்குவம் வேண்டும். ஜேசிபியால் இழுத்தால் கான்கிரீட்டோடு வேர்ப்பட்டையும் உரிந்து வரும். உளியும் சுத்தியலும் கடப்பாரையும் போதும். பிறகு மேல்மண்ணை நாலு விரல் ஆழம் மட்டும் கிளறி, சருகை மூன்று அங்குலம் பரப்பலாம், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. திறந்த இடத்தில் செம்மண் கொட்டி மேடை கட்டுவது அடுத்த தப்பு. வேரும் தண்டும் சேரும் கழுத்து வெளியே தெரிய வேண்டும். மூடினால் பட்டை ஊறி அழுகும். அரச மரத்தடி மேடையைக் காட்டி வாதாடுவோர் உண்டு. அரசும் ஆலும் தாங்கும். வேம்பிடமும் புங்கனிடமும் அதை எதிர்பார்க்கக் கூடாது.

பெரிய கேடு மழைநீர் வடிகால். மரத்தைப் பிடித்து நிறுத்தும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு மூன்று அடிக்குள் பக்கவாட்டில் ஓடுகிறது. தண்டு விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரத்துக்குள் தோண்டக் கூடாது என்பது பிரிட்டனின் பிஎஸ் 5837 தரநெறி. 40 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 4.8 மீட்டர். நம் தெருவில் அவ்வளவு இடம் ஏது? ஆகவே அந்த நீளத்துக்கு மட்டுமாவது கையால் தோண்ட வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் பருத்த வேரைத் தப்பவிட்டு வடிகாலை வளைக்கலாம், அல்லது வேருக்கு அடியில் குழாயை நுழைக்கலாம். அறுத்தே தீர வேண்டுமென்றால் ரம்பத்தால் நேராக அறுத்து, ஈரச்சாக்கு போர்த்தி, அன்றைக்கே மண் மூட வேண்டும். இயந்திரம் பிய்த்த வேர் நார்நாராகக் கிழிந்து அழுகலை உள்ளே ஏற்றும். வேர் அறுந்த பக்கத்திலிருந்து காற்றடித்தால் மரத்தை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை.

2016 டிசம்பர் 12, வர்தா புயலில் சென்னையில் செம்மயிற்கொன்றையும் (குல்மொகர்) இயல்வாகையும் கொத்துக் கொத்தாக விழுந்தன. இவை வெளிநாட்டு மரங்கள், அதனால்தான் விழுந்தன என்பது பாதி உண்மை. ஒரு பக்க வேரை இழந்தால் வேம்பும்தான் விழும்.

அடுத்து கவாத்து. மின்கம்பிக்காக ஒரு பக்கத்தை மட்டும் அரிவாளால் கொத்தினால் பாரம் மறுபக்கம் சாயும். உச்சியை மொட்டையடித்தால் குச்சி குச்சியாகத் துளிர்க்கும். அவை பட்டையோரம் மட்டும் ஒட்டியவை, தடித்ததும் முறியும். பெரிய கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓரடி தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கிக் கால்பங்கு அறுப்பது முதல் வெட்டு. அதற்கும் இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து இரண்டாவது; கிளை பட்டையை உரிக்காமல் விழும். மிஞ்சிய கட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் மோதிரம்போல் புடைத்திருக்கும் பகுதிக்கு வெளியே ஒட்டி அறுப்பது மூன்றாவது. காயத்தை மூடி வளரும் திசு அந்த மோதிரத்தில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சீவுவது, பார்க்க அழகாக இருந்தாலும், பொந்துக்குப் போடும் பிள்ளையார் சுழி. வெட்டுவாயில் தார், பெயின்ட் எதுவும் வேண்டாம்; ஈரத்தை உள்ளே அடைக்கும்.

ஆணியைப் பிடுங்கலாம், பட்டை மூடி விழுங்கிய ஆணியைத் தோண்டாமல் விடலாம். சீரியல் விளக்குக் கம்பியும் கழற்ற மறந்த இரும்புக் கூண்டும் ஆணியைவிடக் கொடியவை: தண்டு பருக்கப் பருக்க இறுகி, இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழியை அறுத்துவிடும். தண்டு கம்பியைத் தொடும் முன்பே கூண்டு கழல வேண்டும்.

டெல்லிக்கு 1994-லிருந்து, மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-லிருந்து மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டின் 1955 சட்டம் மலைப்பகுதிகளுக்கானது. சமவெளியில் அரசு நிலத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். மனுவில் ‘ஆபத்தான மரம்’ என்று மட்டும் இருந்தால் எந்தக் கிளை, எந்தப் பொந்து என்று கேட்க வேண்டும். சாய்ந்தே வளர்ந்த மரம் பெரும்பாலும் நிற்கும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் புதிதாக வெடித்து வேர்த்தட்டு (வேரும் மண்ணும் சேர்ந்த அடிப்பகுதி) தூக்கியிருந்தால் மனுவுக்குக் காத்திராமல் அன்றே தெருவை மறிக்க வேண்டும்.