ஆண்ட் கைகொடுக்கவில்லை, பெருக்கல் கைகொடுத்தது

மூன்று வாரம் மல்லுக்கட்டி, நேற்றிரவு ஒருவழியாக ஷீட் சரியாக வந்துவிட்டது. 36 தொட்டிகளில் இன்று எதற்கெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எக்செல்லில் ஒரே ஒரு ஃபார்முலா சொல்கிறது. அவ்வளவு சந்தோஷம்!

விதி சின்னதுதான். ஊற்றி இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும், மண்ணும் காய்ந்திருக்க வேண்டும். நாற்று என்றால் எதுவும் பார்க்காமல் தினமும் ஊற்ற வேண்டும். ஃபார்முலாவை முதல் வரிசையில் எழுதிக் கீழ்வரை இழுத்து நகலெடுத்தால் ஆண்ட் (எல்லா நிபந்தனையும் சரியா?), ஆர் (ஒன்றாவது சரியா?) இரண்டுமே ஒழுங்காக ஓடும். ஆனால் விதியை மாற்றும்போதெல்லாம் மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. அதனால் மேல் செல்லில் மட்டும் எழுதுவது, மீதி தானாகக் கீழே நிரம்புவது என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் ஆண்ட் காலை வாரியது. முழு நெடுவரிசையையும் கொடுத்தால் அது வரிசைக்கு ஒரு பதில் தராது. 36 தொட்டிக்கும் இரண்டிரண்டாக 72 ஒப்பீடுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு ஒரே ஒரு ட்ரூ (சரி) அல்லது ஃபால்ஸ் (தவறு) தரும். ஒரு தொட்டி ஈரமாக இருந்தால் போதும், மொத்தத்துக்கும் ஃபால்ஸ். ஆர் இதற்கு நேர்மாறு: ஒரு நாற்று இருந்தாலே எல்லாத் தொட்டிக்கும் ட்ரூ. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் முதல் வாரம் முழுக்கத் தப்பான இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

தீர்வு பெருக்கல். ட்ரூ 1, ஃபால்ஸ் 0. இரண்டையும் பெருக்கினால் ஆண்ட், கூட்டினால் ஆர். நெடுவரிசைப் பெயர்களைப் போட்டுக் காட்டுகிறேன் (இஃப் என்பது நிபந்தனை சரியென்றால் முதல் விடையையும் இல்லையென்றால் அடுத்ததையும் தரும்):

=இஃப்((கடந்தநாள்>=இடைவெளி)*(மண்="காய்ந்தது")+(வகை="நாற்று"), "ஊற்று", "")

ஒவ்வொரு ஒப்பீட்டையும் சுற்றி அடைப்புக்குறி கட்டாயம். விட்டுவிட்டால் ஒப்பீட்டுக்கு முன்னால் பெருக்கல் நடந்துவிடும். இடைவெளியை மண்ணோடு பெருக்கப் போய் வேல்யூ பிழைதான் கிடைக்கும்.

கூட்டலில் இன்னொரு சிக்கல். பட்டியலில் 14 தொட்டி, எண்ணிக்கை செல்லில் 17. மூன்று நாற்றுகள் இரண்டு நிபந்தனைக்குள்ளும் வந்ததால் 1-க்குப் பதில் 2 ஆகியிருந்தன. இஃப் இதைப் பொருட்படுத்தாது, பூஜ்யம் இல்லாத எல்லாமே அதற்கு ட்ரூதான். எண்ணிக்கை செல்லில் இருந்த சம் (கூட்டும் ஃபார்முலா) அப்படி விடாது. மொத்தக் கூட்டலையும் அடைப்புக்குள் போட்டு >0 என்று ஒப்பிட்டு, ட்ரூ, ஃபால்ஸை 1, 0 ஆக்க முன்னால் இரண்டு கழித்தல் குறி வைத்து, அப்புறம் சம் போட்டேன். 14 வந்தது. அந்த >0 இல்லாமல் ஆர் கணக்கை யாரும் எண்ண வேண்டாம்.

இடையில் என் பெரணி வாடிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதன் இடைவெளியை 3 என்று எழுதாமல் "3 நாள்" என்று அடித்திருந்தேன். எக்செல் ஒப்பீட்டில் எந்த எழுத்தும் எந்த எண்ணையும் விடப் பெரியது. பத்து நாள் கடந்தாலும் அந்த வரிசை ஃபால்ஸ்தான். இப்போது அந்த நெடுவரிசையில் எண் மட்டும்தான் ஏறும்படி டேட்டா வேலிடேஷன் போட்டுவிட்டேன். பெரணி தளிர்விடுகிறது.

அடுத்து காற்றின் ஈரப்பதத்தையும் சேர்க்க வேண்டும், 40 முதல் 60 வரை. கணக்கு நோட்டில் எழுதுவதுபோல 40<=ஈரப்பதம்<=60 என்று எழுதிப் பார்த்தேன். எக்செல்லில் எப்போதும் ஃபால்ஸ். அதே ஃபைலை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் எப்போதும் ட்ரூ! இரண்டு மென்பொருளும் முதல் ஒப்பீட்டின் விடையைத்தான் 60-உடன் ஒப்பிடுகின்றன. எக்செல்லுக்கு ட்ரூவும் ஃபால்ஸும் எல்லா எண்ணையும் விடப் பெரியவை, லிப்ரே ஆபீஸுக்கு வெறும் 1, 0. இதையும் இரண்டாகப் பிரித்துப் பெருக்க வேண்டியதுதான்.

எக்செல்லின் பைரோ (ஒவ்வொரு வரிசையாக எடுத்துக் கொடுப்பது), லாம்டா (நாமே ஃபார்முலா வரையறுப்பது) இரண்டையும் சேர்த்தால் வரிசை வரிசையாக ஆண்டையே ஓட்டலாம். அதை நகல் ஷீட்டில் பாதி எழுதி வைத்திருக்கிறேன். நாற்று எப்போது செடியாகிறது என்பதை மட்டும் இன்னும் கையால்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.