அண்ணாவின் போர்டிங் பாஸ்களில் ஒரு நேபாளப் பயணம்

கல்லடியிலுள்ள எங்கள் வீட்டில், பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் அம்மா பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய பிஸ்கட் தகரத்துக்குள், அண்ணா கட்டாருக்குப் போய்வந்த பயணங்களின் போர்டிங் பாஸ்கள் ஓர் இறப்பர் வளையத்தால் கட்டப்பட்டுக் கிடந்தன. ஒன்பது ஆண்டுகளில் மகன் எத்தனை முறை வீடு வந்தான் என்பதற்கு அம்மாவிடம் இருந்த கணக்கு அது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக மேசையில் பரப்பிய போது, கடைசியாக வந்துபோன ஒரு பயணத்தின் இரண்டு சீட்டுகளைத் தவிர மற்ற எதற்கும் இனிப் பயண மைல்களைக் கோர முடியாது என்று தெரிந்துகொண்டேன். கொழும்புக்கும் தோஹாவுக்கும் இடையே ஒரு வழித் தூரம் 3,600 கிலோமீற்றருக்கு மேல். அத்தனை முறை பறந்ததில் ஒரு மைல்கூட அவருடைய பெயரில் பதிவாகியிருக்கவில்லை. பறந்த தூரத்துக்காக விமான நிறுவனம் தன் உறுப்பினரின் கணக்கில் சேர்க்கும் புள்ளிகளே இந்த மைல்கள்; போதிய அளவு சேர்ந்தால் அவற்றைக் கொடுத்துப் பயணச்சீட்டு எடுக்கலாம்.

சென்ற ஏப்ரல் விடுமுறையில் முதுகுப்பையோடு நேபாளத்துக்குச் சென்று பதினொரு நாள் தங்கித் திரும்பினேன். விமானக் கட்டணத்தின் பெரும்பகுதியை இந்த மைல்களே ஈடுசெய்தன. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கள் கரையோரம் முழுவதிலும் வளைகுடாவுக்குப் போய்வருபவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆயினும் தாங்கள் பறக்கும் தூரத்துக்கு ஒரு பெறுமதி உண்டென்று அவர்களில் மிகச் சிலருக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் நான் செய்தவற்றைத் தவறுகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

இதைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவர் அறுகம்குடாவில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பயணி. பொத்துவிலில் விடுதி நடத்தும் நண்பனைப் பார்க்கச் சென்றிருந்த வேளையில், ஒரு நாள் உணவுக்கு நான் செலவிடுவதைவிடக் குறைவாகச் செலவிடும் அந்த மனிதர் எப்படி இவ்வளவு தூரம் விமானத்தில் வந்தார் என்று கேட்டேன். பயணச்சீட்டு புள்ளிகளால் கிடைத்தது என்றார். 1981ஆம் ஆண்டில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தன் திட்டத்தைத் தொடங்கிய பின்னர் உலகின் பெரிய விமான நிறுவனங்கள் பலவும் இப்படிப் புள்ளிகள் வழங்கும் திட்டங்களை நடத்திவருகின்றன என்பதையும், சேர்வதற்குப் பெரும்பாலும் கட்டணமே இல்லை என்பதையும் பிறகு நானே வாசித்து அறிந்தேன்.

எனக்கு முதலில் விளங்காமல் இருந்தது கூட்டணி என்ற ஏற்பாடு. ஒரே கூட்டணியைச் சேர்ந்த நிறுவனங்களில் எதில் பறந்தாலும், தகுதியுள்ள கட்டண வகுப்பாக இருந்தால், அந்த மைல்களை அவற்றுள் ஒரு நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கலாம். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014ஆம் ஆண்டு மே மாதம் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இணைந்தது; கட்டார் எயார்வேஸும் மலேசியா எயார்லைன்ஸும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே இணைந்துவிட்டன. எமிரேற்ஸ், எதிகாத் ஆகிய இரண்டும் எந்தக் கூட்டணியிலும் சேராமல் தனித் திட்டங்களை நடத்துகின்றன. ஆகவே வீட்டில் யார் எந்த நிறுவனத்தில் அதிகம் பறக்கிறார் என்பதைப் பார்த்து ஒரு கணக்கைத் தெரிவுசெய்து, அதிலேயே நிலைத்திருக்க வேண்டும். நான்கு திட்டங்களில் இரண்டாயிரம் இரண்டாயிரமாகச் சிதறிக் கிடக்கும் மைல்களால் எங்கும் போக முடியாது. அண்ணாவும் அக்காவின் கணவரான அத்தானும் தோஹாவில் வேலை செய்வதால் எங்கள் தெரிவு எளிதாக அமைந்தது.

ஆனால் பெயர் என்ற ஒன்றில் நான் பல வாரங்களை இழந்தேன். தமிழர்களாகிய நமக்குத் தந்தையின் பெயர் முன்னே வரும், நம் பெயர் பின்னே வரும். பாடசாலைப் பதிவேட்டில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். கடவுச்சீட்டிலோ அது விரிந்து நிற்கும். நான் அண்ணாவுக்குக் கணக்குத் திறந்தபோது அடையாள அட்டையைப் பார்த்து முதலெழுத்தோடு பெயரை எழுதிவிட்டேன். விமானச்சீட்டோ கடவுச்சீட்டின்படி முழுப் பெயரில் எடுக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று கணினி முடிவுசெய்ததால், கையில் போர்டிங் பாஸ் இருந்தும் முதல் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கடவுச்சீட்டின் பிரதியை அனுப்பிப் பெயரைத் திருத்திய பின்னரே அடுத்த கோரிக்கையை எடுத்துக்கொண்டார்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்றும் ஏனைய பெயர்கள் என்றும் எவ்வாறு அச்சிடப்பட்டிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அவ்வாறே உறுப்பினர் கணக்கிலும் இருக்க வேண்டும். அது நமக்குப் பழக்கமில்லாத வரிசையாகத் தெரிந்தாலும் மாற்றக் கூடாது.

முடிந்துபோன பயணத்துக்குப் பின்னர் மைல் கோருவதற்குக் கால எல்லை உண்டு. அது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். பெரும்பாலும் மாதக் கணக்குத்தான். கோரிக்கைக்கு மின் பயணச்சீட்டின் 13 இலக்க எண்ணும் போர்டிங் பாஸின் படமும் தேவைப்பட்டன. அந்த எண்ணுக்காக அண்ணாவின் பயணச்சீட்டைத் தேடியபோது, பயண முகவர் அதைத் தன்னுடைய மின்னஞ்சலுக்கே எடுத்துவிட்டு, அண்ணாவிடம் வெறும் நேர அட்டவணையை மட்டும் அச்சிட்டுக் கொடுத்திருந்தார் என்று தெரிந்தது. இரண்டு தொலைபேசி அழைப்புகளில் அது கிடைத்தது. அன்றிலிருந்து, சீட்டுக்கு யார் பணம் செலுத்தினாலும், அது கம்பனியாக இருந்தாலும் முகவராக இருந்தாலும், பதிவுசெய்யும்போதே உறுப்பினர் எண்ணைச் சேர்க்கும்படி நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். மைல்கள் பணம் கொடுத்தவருக்கு அல்ல, பறந்தவருக்கே உரியவை.

இனி சேர்ந்த கணக்கைச் சொல்கிறேன், ஏனெனில் இதில் பலர் ஏமாற்றம் அடைவார்கள். எங்கள் திட்டத்தில் மலிவான கட்டண வகுப்புகளுக்குப் பறந்த தூரத்தின் பாதியே மைல்களாகக் கிடைத்தது. பயணச்சீட்டில் வகுப்பைக் குறிக்கும் ஒற்றை ஆங்கில எழுத்தே அதைத் தீர்மானிக்கிறது என்பதால், அருகருகே இருந்து பறந்த இருவருக்கு வெவ்வேறு அளவு சேர்வதும் உண்டு. மூன்று ஆண்டுகளில் அண்ணா மூன்று முறை வந்துபோனதில் ஏறத்தாழ 9,000 மைல்களும், அத்தான் மூன்று முறை வந்துபோனதில் 6,700 மைல்களும் சேர்ந்தன. என் கடனட்டையின் வெகுமதிப் புள்ளிகளை மாற்றியதில் 3,900 கிடைத்தது. சேர்ந்தபோது வழங்கிய ஊக்கப் புள்ளிகளையும் கூட்டினால் மொத்தம் 20,600 அளவில் இருந்தது. மூன்று பேர், மூன்று ஆண்டு, அவ்வளவுதான். மேற்கு நாடுகளில் ஒரு கடனட்டை எடுத்தவுடனேயே இதைவிட அதிகம் கொடுப்பார்கள் என்று வாசித்திருக்கிறேன். நமது வங்கிகளில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது.

கடனட்டையைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். புள்ளிக்காக ஒரு ரூபாயேனும் மேலதிகமாகச் செலவிட வேண்டாம். மாத முடிவில் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர் இந்த வழியைத் தொடவே கூடாது. இலங்கையில் கடனட்டை நிலுவைக்கு ஆண்டுக்கு 20 வீதத்துக்கும் மேல் வட்டி ஏறுகிறது. அந்த வட்டியைப் புள்ளிகளால் ஈடுசெய்ய முடியாது. நான் வீட்டு மின்கட்டணத்தையும் பலசரக்கையும் அட்டையில் செலுத்தி, சம்பளம் வந்த அன்றே அந்தத் தொகையைக் கட்டிவந்தேன்.

மூவர் கணக்கிலும் இருந்தவற்றை ஒரு குடும்பக் கணக்கில் இணைக்க உறவு நிரூபிக்கப்பட வேண்டியிருந்தது. இங்கே மறுபடியும் பெயரே குறுக்கிட்டது. எங்கள் அப்பாவின் பெயர் அண்ணாவின் கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்ற எழுத்திலும், என்னுடையதில் ‘சி, எச்’ என்ற இரண்டு எழுத்துகளிலும் தொடங்குகிறது. தமிழில் வாசிக்கும் எவருக்கும் அது ஒரே பெயர். ஆங்கிலத்தில் வாசிப்பவருக்கு இரு வேறு தந்தையர். எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் பிரதேச செயலகத்தில் புதிதாகப் பெற்று, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதி வாங்கி அனுப்பினேன். அத்தானுக்கு அக்காவின் திருமணச் சான்றிதழையும் சேர்த்தேன். ஏறத்தாழ ஐந்து வாரம் காத்திருந்த பின்னர் ஏற்றுக்கொண்டார்கள். பயணத் திகதிக்கு அண்மையில் இதைத் தொடங்கியிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும். மைல்களுக்கும் ஆயுள் உண்டு. எங்கள் திட்டத்தில் மூன்று ஆண்டு. அண்ணாவின் முதல் மைல்கள் காலாவதியாக நான்கு மாதம் இருக்கையில் தான் நான் ஆசனம் தேடத் தொடங்கினேன்.

மைல்களுக்கென்று ஒவ்வொரு விமானத்திலும் சில ஆசனங்களையே ஒதுக்குகிறார்கள். நான் ஆசிரியர் என்பதால் பாடசாலை விடுமுறையில்தான் போக முடியும். சித்திரைப் புத்தாண்டு வாரத்திலோ எல்லோரும் பறக்கிறார்கள். போவதற்கு வெள்ளி, சனி நாள்களில் ஒன்றுமே இல்லை. திகதியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்ததில், புத்தாண்டுக்கு முந்தைய ஒரு செவ்வாயும் திரும்புவதற்கு ஒரு சனிக்கிழமையும் அகப்பட்டன.

இரண்டு இடங்களை ஒப்பிட்ட பிறகே முடிவெடுத்தேன். அன்று சென்னைக்குப் போய்வரக் காசுக்கு 62,000 ரூபாய். மைல்களில் எடுத்தால் 12,000 மைல்களோடு வரிகளுக்கு 36,000 ரூபாய். மிச்சம் 26,000, ஒரு மைலின் பெறுமதி இரண்டு ரூபாயைச் சற்றுத் தாண்டுகிறது. கத்மண்டுவுக்கு அதே விடுமுறையில் காசுக்கு 148,000 ரூபாய். மைல்களில் 20,000 மைல்களோடு 41,000 ரூபாய். மிச்சம் 107,000, மைல் ஒன்றுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல். இலவசப் பயணச்சீட்டு என்று விளம்பரம் செய்தாலும் விமான நிலைய வரியும் எரிபொருள் மேலதிகக் கட்டணமும் நம் கையிலிருந்துதான் போகும். அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மீதியை மைல்களால் வகுத்துப் பார்க்காமல் எவரும் புள்ளிகளைச் செலவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சீட்டு மலிவாக இருக்கும் நாளில் காசைக் கொடுத்து, மைல்களை விலை ஏறும் நாளுக்கு வைத்திருப்பதே இலாபம்.

பதிவுசெய்த இரவு இன்னொரு தடை வந்தது. உறுதிப்படுத்தும் இரகசிய எண், குடும்பக் கணக்கின் தலைவரான அண்ணாவின் கைபேசிக்குப் போகிறது. அவரோ இரவு வேலையில் இருந்தார். அவர் வெளியே வந்து எண்ணை வாசித்துச் சொல்லும் வரை அந்த இரண்டு ஆசனங்களும் இருக்குமா என்ற பதற்றம் இப்போதும் நினைவில் இருக்கிறது. முன்கூட்டியே நேரம் பேசி வைத்திருக்க வேண்டும்.

வலயக் கல்விப் பணிமனையூடாக வெளிநாட்டு விடுமுறைக்கு அனுமதி பெற்று, மட்டக்களப்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் கொழும்பு கோட்டைக்கும், அங்கிருந்து 187 பேருந்தில் கட்டுநாயக்காவுக்கும் சென்றேன். சார்க் நாட்டவருக்கு நேபாளம் ஓராண்டில் முதல் 30 நாள் விசாவைக் கட்டணமின்றி வழங்குகிறது. நான் மலையேறிய அன்னபூர்ணா பாதுகாப்புப் பிரதேசத்துக்கான அனுமதிக்கும் நமக்கு 1,000 நேபாள ரூபாய்தான். ஏனைய வெளிநாட்டவர் 3,000 செலுத்துகிறார்கள். மலைப்பாதைத் தங்குமிடங்களில் புள்ளி, அட்டை எதுவும் செல்லாது, பணத்தாள் வேண்டும். முதுகுப்பைப் பயணிக்கு விடுதிச் சங்கிலிகளின் புள்ளித் திட்டங்கள் பயன்படாது என்று நான் நினைப்பது இதனால்தான்: சோற்றையும் படுக்கையையும் நாமே சுருக்கிக்கொள்ளலாம், விமானக் கட்டணத்தை அப்படிச் சுருக்க முடியாது. மைல்கள் அங்கேதான் உதவ வேண்டும்.

உல்லேரி என்ற மலைக்கிராமத்துக்கு ஏறும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகளில், காடெங்கும் லாலிகுராஸ் என்னும் மலைப்பூ சிவப்பாகப் பூத்திருந்தது. 3,210 மீற்றர் உயரமுள்ள பூன் ஹில்லில் விடியும்போது அன்னபூர்ணாவின் படத்தை அண்ணாவுக்கு அனுப்பினேன். இந்தப் பயணத்துக்கு அவருடைய மைல்களைக் கேட்கவே முதலில் எனக்குத் தயக்கமாக இருந்தது. அந்த மைல்கள் அவருடைய உழைப்பின் தூரம். கேட்டபோது அவர் சொன்னார்: “எனக்கு வரப்போக கம்பனி ரிக்கற் போடுது. நீ போய் மலையைப் பார்த்திட்டு வா, மறுகா எனக்குச் சொல்லு.”

இப்போது கணக்கில் மீந்திருப்பது சில நூறு மைல்கள். போன கிழமை, முதல் தடவையாகத் தோஹாவுக்கு வீட்டு வேலைக்குச் செல்லவிருக்கும் பக்கத்து வீட்டு அக்காவை எங்கள் குசினி மேசையில் இருத்தி, அவருடைய கடவுச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே ஒவ்வொரு எழுத்தாக அவருடைய பெயரில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தேன். உறுப்பினர் எண்ணை ஒரு கடதாசியில் எழுதி, முகவரிடம் காட்டச் சொல்லிக் கடவுச்சீட்டின் உறைக்குள் வைத்திருக்கிறார்.