பத்துக் கணினிகள், இருநூறு மாணவர்கள்: ஓராண்டுத் திட்டமும் மதிப்பீடும்

2023 ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எங்கள் தலைமையாசிரியர் என்னை அழைத்து, அந்த ஆண்டின் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் தொழில்நுட்பப் பயன்பாடு பற்றிய பகுதியை எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். எங்களுடையது ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள் உள்ள ஒரு கிராமப்புற அரசு உயர்நிலைப் பள்ளி. வகுப்புக்கு ஏறத்தாழ நாற்பது பேர் வீதம் இருநூறு மாணவர்கள் படிக்கிறார்கள். ஹைடெக் லேப் என்று எல்லோரும் அழைக்கும் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பத்துக் கணினிகளும், ஒரு புரொஜெக்டரும், யுபிஎஸ்ஸும், இணைய இணைப்பும் இருந்தன.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அளிக்கிறது. அக்குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். அப்படியானால் நான் எழுதப்போவது அலுவலகக் கோப்பில் அடங்கிவிடும் தாளாக இருக்கக் கூடாது, கூலி வேலைக்குப் போய்விட்டு மாலையில் கூட்டத்துக்கு வரும் ஒரு தாய்க்கும் விளங்க வேண்டும் என்று எண்ணினேன். முந்தைய ஆண்டின் திட்டத்தை எடுத்துப் பார்த்தபோது, இந்தத் தலைப்பின் கீழ் கணினிகளின் எண்ணிக்கையும், ஆய்வகம் சிறப்பாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற ஒரு வரியும் மட்டுமே இருந்தன. எதைக் கொண்டு சிறப்பாக என்று முடிவு செய்தார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை.

முதல் வேலையாக இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணினியையும் இயக்கிப் பார்த்தேன். பத்தில் எட்டுதான் வேலை செய்தன. ஒன்றில் மின்வழங்கிப் பெட்டி பழுதடைந்திருந்தது; மற்றொன்றின் திரையில் எதுவும் தெரியவில்லை. யுபிஎஸ் மின்கலங்கள் தளர்ந்துபோய், மின்சாரம் நின்றால் பத்து நிமிடம்கூடத் தாங்காத நிலையில் இருந்தன. பழுது நீக்கக் கேட்டு எப்போது எழுதினோம், எப்போது சரிசெய்து கொடுத்தார்கள் என்ற குறிப்பு எங்கும் இல்லாததால், யாரையும் கேட்க எங்களுக்கு ஆதாரம் இல்லாமல் இருந்தது. அன்றே ஒரு நோட்டில் புகார் நாள், வந்து பார்த்த நாள், சரியான நாள் என்று மூன்று கட்டங்கள் போட்டு எழுதத் தொடங்கினோம். அந்த ஆண்டின் நீண்ட காத்திருப்பு 41 நாள்கள் என்பதை இன்று என்னால் சொல்ல முடிவதற்கு அந்த நோட்டே காரணம்.

அடுத்து ஒரு சிறு கணக்கைப் போட்டேன். என் எண்ணத்தை முழுவதும் திருப்பியது அந்தக் கணக்குத்தான் என்பதால் அதை விரிவாகவே சொல்கிறேன். கால அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் ஆய்வகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு பாடவேளை 40 நிமிடம். மாணவர்கள் வரிசையில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அமர்ந்து, கணினிகள் இயங்கத் தொடங்குவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். மிஞ்சிய 30 நிமிடத்தில் எட்டுக் கணினிகளை நாற்பது பேர் பகிர்ந்தால் ஒரு கணினிக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஆறு நிமிடம். வாரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். பதிவேட்டில் வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் என்று நிறைவாகத் தெரிந்த ஒன்று, ஒரு குழந்தையின் கைக்கு வரும்போது பன்னிரண்டு நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது.

வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஒரு பாடவேளையிலும் மறு பாதியை இன்னொரு பாடவேளையிலும் அழைத்துச் சென்றால் நிலைமை மேம்படும் என்று முதலில் நம்பினேன். கணக்கிட்டால் இருபது பேருக்கு எட்டுக் கணினிகள், ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம், ஆனால் வாரத்துக்கு ஒரே முறை. ஆக அதே பன்னிரண்டு. பிரிப்பதால் நெரிசல் குறையும், அருகில் இருப்பவர் பேசிக் கலந்துகொள்ள இடம் கிடைக்கும், ஆனால் கைபடும் நேரம் கூடாது. அதைக் கூட்ட இரண்டே வழிகள் இருந்தன: வீணாகும் பத்து நிமிடத்தைக் குறைப்பது, பழுதான இரண்டு கணினிகளை மீட்பது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆறு பேரைக் கொண்ட குழு ஒன்றை அமைத்து, காலை வழிபாட்டுக்கு முன்பே கணினிகளை இயக்கி வைக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தோம். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கிவரும் லிட்டில் கைட்ஸ் என்ற தகவல் தொழில்நுட்ப மாணவர் மன்றங்களைப் பற்றி அறிந்திருந்ததால் இந்த எண்ணம் எனக்கு வந்தது. அதனால் தொடக்க நேரம் மூன்று நிமிடமாகக் குறைந்தது. பத்துக் கணினிகளும் இயங்கியபின் கணக்கு 18 நிமிடத்தைத் தாண்டியது. புதிதாக எதையும் வாங்காமலே ஒன்றரை மடங்கு கிடைத்துவிட்டது.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் விளக்கினேன். அதைவிட அந்தக் கூட்டத்தில் நான் கற்றுக்கொண்டது பெரிது. பாடநூல்களில் அச்சிட்டுள்ள கியூஆர் குறியீடுகளை வீட்டில் பார்த்துவரும்படி சொல்லும் பழக்கம் எங்களிடம் இருந்தது. வந்திருந்த பெற்றோரிடம் வீட்டில் ஸ்மார்ட் போன் உண்டா என்று கேட்டபோது பெரும்பாலானோர் உண்டு என்றார்கள். மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அது பிள்ளையின் கைக்கு வருமா என்று கேட்டபோது, கைதூக்கியவர்கள் மிகச் சிலரே. அவர் லாரியில் போனால் போனும் கூடவே போய்விடும் டீச்சர், அவர் வர ராத்திரி பத்தாகும் என்று ஒரு தாய் சொன்னார். அன்றிலிருந்து போனை நம்பிய வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டோம்.

திட்டத்தின் உள்ளடக்கத்துக்கு வருவோம். எட்டு முதல் பத்து வரையான வகுப்புகளின் அறிவியல், கணிதப் பாடநூல்களில் உள்ள இணையச் செயல்பாடு பகுதிகளையும், ஆசிரியர்கள் விரும்பிய காணொளிகளையும் சேர்த்து 46 இடங்களை முதலில் பட்டியலிட்டோம். உற்சாகத்தில் எழுதிய பட்டியல் அது. காலாண்டுத் தேர்வுக்குப் பிந்தைய மறுபார்வையில் அதை 19 ஆகக் குறைத்தோம். அந்த ஜூலையில் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வித் தொழில்நுட்பத்தைப் பற்றியே எழுதப்பட்டிருந்தது. ஒரு தொழில்நுட்பம் பொருத்தமானதா, எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா, பரவலாக்க முடியுமா, நீடித்து நிற்குமா என்ற நான்கு கேள்விகளை அது முன்வைத்தது. பரவலாக்கம் அரசின் அளவில் எழும் கேள்வி. மற்ற மூன்றையும் எங்கள் பட்டியலின் ஒவ்வொரு வரியிடமும் கேட்டோம். வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் பார்க்க வழியிருக்கும்போது செல்லின் படத்தைத் திரையில் காட்டுவது பொருத்தமற்றது என்று அடித்தோம். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் முனையை இழுத்துக் கோணங்களின் கூடுதல் மாறாமல் இருப்பதைப் பார்ப்பது கரும்பலகையில் முடியாதது என்பதால் அதை வைத்துக்கொண்டோம்.

பயன்பாட்டுப் பதிவேட்டையும் மாற்றினோம். நாள், வகுப்பு, பாடவேளை, கையொப்பம் என்றிருந்த அதில், மாணவர் தம் கையால் செய்தது என்ன என்றும், இந்தக் கருவி இல்லாமல் இப்பாடத்தை இதே அளவு நன்றாக நடத்தியிருக்க முடியுமா என்றும் இரண்டு கட்டங்களைச் சேர்த்தோம். முடியும் என்று எழுதினால் அது தம்மீது குறையாகிவிடுமோ என்று சக ஆசிரியர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது. தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில், இந்தப் பதிவேடு யாருடைய பணியையும் எடைபோடுவதற்காக இல்லை என்று சொல்லி, ‘முடியும்’ என்ற முதல் பதிலைத் தம் சொந்தப் பாடத்துக்கே எழுதினார். அதன் பிறகே மற்றவர்களும் உண்மையாக எழுதத் தொடங்கினார்கள்.

அக்டோபரில் எட்டாம் வகுப்புக்கு ஒரு கவனிப்புத் தாளைத் தயாரித்தேன். கணித ஆசிரியர் பாடம் நடத்த, நான் பின்னால் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கணினியிலும் சுட்டி யார் கையில் இருக்கிறது என்று குறித்தேன். எட்டுக் கணினிகள், ஆறு முறை, மொத்தம் 48 குறிகள். பெண் குழந்தைகள் எண்ணிக்கையில் சற்று அதிகமாக இருந்த அந்த வகுப்பில் 33 குறிகள் பையன்களுக்கும் 15 குறிகள் பெண்களுக்கும் விழுந்திருந்தன. பதினைந்து ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கு இது கண்ணில் பட்டதே இல்லை என்பது மிகவும் வேதனையாக இருந்தது. அந்தப் பெண்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. எங்கே அழுத்த வேண்டும், எதை இழுக்க வேண்டும் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்களே. அடுத்த வாரம் முதல் இருக்கைகளுக்கு எண் கொடுத்து, மணி அடித்தால் அடுத்த எண்ணுக்குரியவர் முன்னிருக்கைக்கு வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். ஜனவரியில் மீண்டும் எண்ணியபோது குறிகள் ஏறத்தாழச் சமமாகிவிட்டன.

கற்றல் உண்மையில் நடந்ததா என்பதை அறிவதுதான் கடினமாக இருந்தது. எட்டாம் வகுப்பின் மின்சுற்றுப் பாடத்துக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் மின்சுற்று ஆய்வுப் பெட்டி என்ற, கணினித் திரையிலேயே மின்சுற்று அமைத்துப் பார்க்கும் மென்பொருளைப் பயன்படுத்தினோம். அது இலவசம், ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும் என்பது எங்களைப் போன்ற பள்ளிக்குப் பெரிய உதவி. நெரிசலைக் குறைக்க வகுப்பை ஏற்கெனவே இரண்டு பாதிகளாகப் பிரித்திருந்ததால், ஒரு பாதியினர் முதலில் கணினியிலும் பிறகு உண்மையான மின்கலம், கம்பி, சிறு பல்பு ஆகியவற்றோடும் வேலை செய்தார்கள். மறு பாதியினருக்கு வரிசையை மாற்றினோம். தாளில் தேர்வு வைக்காமல், இருவர் இருவராக அழைத்து, பல்பை எரியவைத்து ஏன் எரிகிறது என்று சொல்லச் சொன்னேன். கணினியில் தொடங்கியவர்கள் படத்தை மிகத் தெளிவாக வரைந்தார்கள்; ஆனால் கம்பியின் முனையில் உள்ள பிளாஸ்டிக் உறையைச் சீவ வேண்டும் என்பது அவர்களில் பலருக்குத் தோன்றவில்லை. கம்பியில் தொடங்கியவர்கள் பல்பை விரைவில் எரியவைத்தார்கள். பிறகு கணினிக்கு வந்தபோது, இரண்டாவது பல்பைச் சேர்த்தால் ஒளி ஏன் மங்குகிறது என்று தாங்களே கேள்வி எழுப்பினார்கள். நாற்பது பேரை வைத்துப் பொதுவான முடிவு எதையும் சொல்ல நான் துணியமாட்டேன். எங்கள் பள்ளியின் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் மட்டும், பொருளைக் கையால் தொட்ட பிறகே திரை என்று அந்தப் பாடத்தின் வரிசையை மாற்றி எழுதினேன்.

ஏப்ரலில் நான்கு பக்கங்களில் மதிப்பீட்டை எழுதி, மேலாண்மைக் குழுவில் வாசித்தேன். புதுக் கணினி கேட்டு நாங்கள் தீர்மானம் போடவில்லை. யுபிஎஸ் மின்கலங்களை மாற்றித் தருவதற்கும், மாலை நான்கரை முதல் ஐந்தரை வரை ஆய்வகத்தைத் திறந்து வைப்பதற்கும் தீர்மானம் நிறைவேறியது. போன் லாரியோடு போய்விடும் என்று சொன்ன அதே தாய், தாம் பள்ளிக்கு அருகிலேயே குடியிருப்பதால் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குத் துணையாக வாரத்தில் இரண்டு நாள் வருவதாகச் சொல்லி, கூட்டக் குறிப்பில் தம் பெயரை எழுதச் சொன்னார்.