வயலின் வகுப்பில் குழந்தையை எப்போது சேர்க்கலாம்?

விஜயதசமி நெருங்கினால் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி வயதைப் பற்றியதுதான். "நான்கு வயது முடிந்துவிட்டது, சேர்க்கலாமா டீச்சர்?" சிறு பிள்ளைகளுக்குக் கர்நாடக இசை வயலின் சொல்லிக்கொடுத்து வரும் நான் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: முதலில் குழந்தை பாடட்டும். வயலினைப் பிறகு வாங்கலாம்.

காரணம் வாத்தியத்திலேயே இருக்கிறது. வீணையில் மெட்டுகள் எனப்படும் குறுக்குப் பட்டைகள் உண்டு. விரலை எங்கே வைக்க வேண்டும் என்பதை அவை காட்டிவிடும். வயலினின் விரல் பலகையில் அப்படி எதுவும் இல்லை. விரல் மயிரிழை அளவு நகர்ந்தாலும் சுரம் பிசகிவிடும். அது பிசகியதைச் சொல்ல காது ஒன்றுதான் இருக்கிறது. காந்தாரம் ('க' சுரம்) எப்படி ஒலிக்க வேண்டும் என்று மனத்தில் ஏற்கெனவே கேட்டிராத குழந்தை, விரலால் அதை எப்படித் தேடும்? விரல் பலகையில் வண்ண நாடா ஒட்டி அடையாளம் காட்டலாம், நானும் சில வாரங்களுக்கு ஒட்டுவதுண்டு. ஆனால் நாடாவையே நம்பிப் பழகிய பிள்ளை கண்ணால் வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. அதிலிருந்து மீட்பது எளிதல்ல.

எனவே, புதிதாக வரும் குழந்தையிடம் வயலினைக் கொடுப்பதில்லை. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, 'ஸ' பிடிக்கச் சொல்வேன். பிறகு 'ப'. அதன் பின் தொடக்கச் சுரப் பயிற்சியான சரளி வரிசையின் முதல் வரியை நானே பாடுவேன். நடுவில் ஒரு சுரத்தை வேண்டுமென்றே சற்று இறக்கிப் பாடுவேன். குழந்தை முகத்தைச் சுளித்தாலோ சிரித்தாலோ எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அந்தக் காது தயாராகிவிட்டது. ஒன்றும் தோன்றாமல் கேட்டுக்கொண்டிருந்தால் திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தினமும் கேட்டும் பாடியும் வந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் சுருதி பிடிபடுகிறது.

அடுத்தது கை. ஆதி தாளம் போட்டுக்கொண்டே சரளி வரிசை பாட முடிகிறதா என்று பார்ப்பேன். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பின் தட்டித் திருப்புதல் இருமுறை. ஆக எட்டு எண்ணிக்கை. வாய் ஒரு வேலையும் கை வேறொரு வேலையும் செய்கின்றன. வயலினிலும் இதுதான் நடக்கிறது: வலது கை வில்லை நீளமாக இழுக்க, இடது கை விரல்கள் தனித்தனியே விழ வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கத் தெரியாத குழந்தை, தாளத்தில் மோதிரவிரல் வரும்போது தடுமாறுவதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறதா, கத்தரிக்கோலால் கோட்டின் மேல் வெட்டுகிறதா என்பதும் நல்ல அறிகுறிகள். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே வாசிக்கக் கற்கிறார்கள், கவலை வேண்டாம்.

விரல் விஷயத்தில் பெற்றோர் அறியாத ஒரு சிக்கல் உண்டு. நம் ஆரம்பப் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தவை. அதில் ரிஷபம் ('ரி') ஷட்ஜத்தை ('ஸ') ஒட்டியும், மத்திமம் ('ம') காந்தாரத்தை ஒட்டியும் நிற்கின்றன. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே மட்டும் பெரிய இடைவெளி. முதல் விரலையும் இரண்டாம் விரலையும் நன்றாக விரித்தால்தான் காந்தாரம் சேரும். பஞ்சமத் ('ப') தந்தியில் தைவதம் ('த'), நிஷாதம் ('நி'), மேல் ஷட்ஜம் வாசிக்கும்போதும் இதே விரிப்புதான். சிறிய கைக்கு இது உழைப்பு. வயலினும் பெரியதாக இருந்துவிட்டால் வேதனை.

அதனால்தான் அளவு விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிக்கிறேன். முழு வயலினின் உடற்பகுதி சுமார் 14 அங்குலம். கால் அளவு வயலினுக்குச் சுமார் 11 அங்குலம். பெயரைக் கேட்டு நான்கில் ஒரு பங்காக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அதைவிடச் சிறிய அளவுகளும் கிடைக்கின்றன. பள்ளிச் சீருடையைத் தொளதொளவென்று தைத்து அடுத்த ஆண்டுக்கும் ஓட்டுவது போல வயலின் வாங்கக் கூடாது. நம் முறையில் தரையில் அமர்ந்து, வலது காலைச் சற்று முன்னே வைத்து, வாத்தியத்தின் தலைப்பகுதியை அந்தப் பாதத்தில் பதித்து, மறுமுனையை இடது மார்போடு சேர்த்து வாசிக்கிறோம். எடையைக் கால் தாங்குவதால்தான் இடது கை, சுரத்தை அசைத்தும் இழைத்தும் வாசிக்கும் கமகத்துக்காகத் தடையின்றி வழுக்கிச் செல்கிறது. வயலின் பெரிதாக இருந்தால் தலைப்பகுதி பாதத்தைத் தாண்டிப் போய்விடும். குழந்தை முதுகை வளைத்து அதைத் துரத்தும். கடையில் குழந்தையைத் தரையில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுங்கள். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகி சுருதி சேர்ப்பது சிறுவர்களால் ஆகாது. நான்கு தந்திகளுக்கும் ஃபைன் ட்யூனர் என்னும் சிறு திருகுகளைப் பொருத்தச் சொல்லுங்கள்.

குழந்தையைவிட நான் உற்றுப் பார்ப்பது பெற்றோரைத்தான். வயலின் மேதைகளான லால்குடி ஜெயராமன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், டி.என். கிருஷ்ணன் ஆகியோர் சிறு வயதிலேயே வாசித்ததைச் சொல்லி, தம் பிள்ளையையும் சீக்கிரம் சேர்க்க விரும்புகிறவர்கள் பலர். அந்த மூவருக்கும் தந்தையே குரு என்பதை மறந்துவிடுகிறோம். ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசூகி மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் வயலின் கற்பித்தார். அவரது முறையில் பெற்றோரில் ஒருவர் வகுப்பில் உடன் அமர்கிறார், தொடக்கப் பாடத்தைத் தாமும் கற்கிறார். மிக இளம் வயதில் தொடங்கிச் சிறந்தவர்களின் பின்னால் வீட்டில் தினமும் அருகில் உட்கார்ந்த ஒருவர் இருந்தார். உங்கள் வீட்டில் அது யார்? சுருதி சேர்க்கவும் பாடத்தை நினைவூட்டவும் தினமும் பத்து நிமிடம் ஒதுக்க ஒருவர் இல்லையென்றால், குழந்தை தானே பொறுப்பெடுக்கும் எட்டு, ஒன்பது வயது வரை காத்திருப்பது நல்லது.

காத்திருந்தால் காலம் கடந்துவிடுமோ என்ற அச்சமும் தேவையில்லை. தமிழ்நாட்டு மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் சேர்க்கையே 12 வயதில்தான் தொடங்குகிறது. வயலினும் அங்கே ஒரு பிரிவு.

நான் கண்டவரை, ஓராண்டு வாய்ப்பாட்டு கற்ற ஆறு அல்லது ஏழு வயதுக் குழந்தைக்கு வயலின் நன்றாகப் படிகிறது. அதற்கு முன் சேர்ப்பதானால் முதல் மாதங்களில் வெறும் தந்தியில் 'ஸ', 'ப' என்று வில்லை இழுப்பது மட்டுமே நடக்கும், "இன்னும் பாட்டு வரவில்லையா?" என்று கேட்காதீர்கள். சேர்த்த பின் நாள்தோறும் அழுகையாக இருந்தால் வயலினை விற்றுவிட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். உறையில் வைத்துவிட்டு ஆறு மாதம் பாட்டுக்கு மட்டும் அனுப்புங்கள். பிறகு ஒரு நாள் உறையைத் திறந்து, குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அவளாகவே கேட்கிறாளா என்று பாருங்கள்.